மறந்துட்டுப் போயிட்டீங்க

அவருக்கு மன்னிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால், இவ்வளவு நல்லது செய்த பெண்ணைப் பற்றி இப்படி எழுதலாமா என்று யாராவது கேட்பார்கள். நல்லது செய்தவர்தான். ஆனால் யாரையும் மன்னித்து நான் பார்த்ததில்லை. பெயரை எழுத மாட்டேன். அவரைப் பற்றிப் புகார் சொல்லக்கூடியவர்களில் சிலராவது இன்னும் உயிரோடு இருப்பார்கள். அவர்களுக்கு அந்தச் சௌகரியம் எதற்கு?

ஒருநாள் நானும் அவரும் பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். முன்சீட்டில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர். வழியில் பஸ் நின்றபோது வாழைப்பழத்தைத் தின்றுவிட்டுத் தோலை ஜன்னல் வழியாக வீசினார். இவர் எழுந்தார், இறங்கினார், தோலை எடுத்தார், மறுபடி ஏறி உட்கார்ந்தார். கண்டக்டர் முறைத்ததைச் சட்டை செய்யவில்லை. தோல் மடியில் இருந்தது. வெள்ளை வேட்டிக்காரர் இறங்கிய இடத்தில் இவரும் இறங்கிவிட்டார். நானும் இறங்க வேண்டியதாகப் போயிற்று. எனக்கு ஷிப்டுக்கு நேரமாகிறது என்று மூன்று முறை சொன்னேன். காதில் வாங்கவில்லை. அந்த மனிதர் தன் வீட்டு வாசலை அடைந்ததும் இவர் பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டார்.

"ஐயா, இது உங்களோடதுங்க. மறந்துட்டுப் போயிட்டீங்க."

"தோலும்மா அது."

"பழம் உங்களோடதுதானே? தோல் மட்டும் எங்களோடதா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து என்னவென்று கேட்டார். இவர் அதே மரியாதையோடு அதையே மறுபடி சொன்னார். அந்த மனிதர் கடைசியில் தோலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "வரேங்க" என்று கும்பிட்டுவிட்டுத்தான் இவர் திரும்பினார்.

"இதுக்காக இவ்ளோ தூரம் வரணுமா?" என்றேன்.

"இனிமே தோலைப் பாத்தாலே அவருக்கு அவரு வீட்டு வாசல்தான் ஞாபகம் வரும். வரட்டும்" என்றார்.

பர்மாவிலிருந்து கப்பலில் திரும்பி வந்த குடும்பம் அவருடையது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பியில் காயில் சுற்றும் வேலை பார்த்தார். பக்கத்து ஆலையில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் எண்ணுவது என் வேலை. இருவருக்கும் மண்ணூர்பேட்டையில் வாடகை அறை, எதிரெதிர் சந்து. அந்த வட்டாரத்தில் அப்போது யார் யாரோ வந்து குடியேறியிருந்தார்கள். பர்மாக் குடும்பங்கள், அஸ்திவாரம் தோண்ட வந்து அங்கேயே தங்கிவிட்ட தெலுங்குக்காரர்கள், பூந்தமல்லியிலிருந்து வந்து பாத்திரத்துக்கு ஈயம் பூசிய முஸ்லிம்கள், நிலத்தில் கூலிக்குப் போவதை விட்டு ஆலைக்குப் போன உள்ளூர்க்காரர்கள். இத்தனை பேருடைய பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை தெருவில் கிடப்பார்கள். காக்கி நிஜாரும் கழுத்துத் துண்டும் வாங்க முடிந்த பிள்ளைகளைச் சாரணர் என்று சொல்லி வெளியே அழைத்துப்போக ஆள் இருந்தது. இவர்களை அழைத்துப்போக ஒருவரும் இல்லை.

ஒரு ஞாயிறு காலை என் அறை வாசலில் வந்து நின்றார். பின்னால் பிள்ளைகள்.

"அண்ணே, ஏரிக்குப் போறோம். நீங்க எண்ணத் தெரிஞ்சவரு. இதுங்களை எண்ணுங்க. நான் திட்டுறேன்."

பதினேழு பேர். ஏரி, ஆழம், பாம்பு, வெயில், மழை என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே அவர்களுக்குப் பின்னால் நடந்தேன். அதற்குப் பிறகு பல வருஷம் நடந்தேன்.

ரங்கூனில் சின்ன வயதில் அவர் படித்த பள்ளியில் பிள்ளைகளை ஏரிக்கும் மலைக்கும் கூட்டிப்போவார்களாம். அங்கே கற்றது ஒரே விதி. போன இடம் போனபடி இருக்க வேண்டும். எதையும் விட்டுவிட்டு வரக் கூடாது, எதையும் எடுத்துவிட்டும் வரக் கூடாது. கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஏரிக்கரைதான் கக்கூஸ் என்று பழகிய பிள்ளைகளிடம் அதை அமல்படுத்திப் பாருங்கள், தெரியும்.

அவர் வெட்கப்படவே இல்லை. முதல் நாளே ஒரு களைக்கொத்தை எடுத்து நீட்டினார். தண்ணீரிலிருந்து தள்ளிப் போய், ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி, வேலை முடிந்ததும் மூடிவிட்டு வர வேண்டும். மண்ணூர்பேட்டை சேகர் விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னாக்கா, பூனையாட்டம் போ சொல்றே?" என்றான். "பூனைக்கு இருக்கிற வெக்கம் உனக்கு வரட்டும்டா" என்றார். மண் வெட்டுகிறவர் மகள் கங்கம்மாவுக்குத்தான் குழி எப்படித் தோண்டுவது என்று சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவளை எல்லோருக்கும் வாத்தியாராக்கிவிட்டார். ஈயம் பூசுகிறவர் மகன் யூசுப் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போவான். மற்றவர்கள் கேலி செய்தபோது, "கேலி பண்றவன் கையை மோந்து பாரு, அப்புறம் யூசுப் சொம்பைப் பாரு" என்று அவர்கள் வாயை அடைத்தார். அடுத்த வாரம் எல்லோர் கையிலும் சொம்போ தகர டப்பாவோ இருந்தது. "ஏரி முழுக்கத் தண்ணி கெடந்தாலும் வேணுங்கிறத மட்டும்தான் மொள்ளணும்னு எங்க அத்தா சொல்லும்" என்று யூசுப் ஒருமுறை சொன்னான். அதையும் விதியாகச் சேர்த்துக்கொண்டார். அவர் விதிகளில் பாதி இப்படிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து வந்தவைதான்.

விதியை மீறினால் என்ன நடக்கும் என்பது சேகருக்குத் தெரியும். கோரைக்குள் கூடு கட்டியிருந்த நீர்க்கோழியின் முட்டைகளை எடுத்துச் சுட்டுத் தின்றுவிட்டான். அவர் அடிக்கவில்லை. அவன் பம்பரத்தை வாங்கினார். புதுப் பம்பரம், ஆணி மினுமினுக்கும். அதைக் கொண்டுபோய் அந்தக் காலிக் கூட்டில் வைத்தார். "இது இனிமே அந்தக் கோழியோடது. அதோட முட்டையை நீ திருப்பிக் குடுத்தா, உன்னோடதை அது திருப்பிக் குடுக்கும்."

சாயங்காலம் சேகரின் அம்மா சந்தில் வந்து நின்று கத்தினாள். "இன்னாமே, ஒரு முட்டைக்கா எம்புள்ள பம்பரத்த புடுங்கிக்கினே? நீ இன்னா பர்மா ராணியா?"

"நான் புடுங்கலைங்க. கோழிகிட்டதான் இருக்கு. அது வந்து குடுன்னு சொன்னா நானே கொண்டுவந்து குடுக்கிறேன்."

பம்பரம் கூட்டிலேயே வெயிலில் பிளந்து மழையில் கறுத்துப்போயிற்று. சேகர் ஒவ்வொரு ஞாயிறும் அதை எட்டிப் பார்ப்பான். போதும், எடுத்துக் கொடுத்துவிடுங்கள் என்று நானே சிபாரிசு செய்தேன். "முட்டை வந்துச்சா?" என்றுதான் கேட்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் கரையில் கூட்டைத் தொட்ட பிள்ளை கிடையாது.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். அவர் காதில் தோடு இருக்காது. ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்கத் துடைப்பக்குச்சி செருகியிருப்பார். அதைத் தொட்டுக் காட்டினார். ரங்கூனில் கப்பல் ஏறும்போது, நகை எதையும் கொண்டுபோகக் கூடாது என்று கழற்றச் சொன்னார்களாம். கழற்றியதும் ஒருவன் வாங்கி ஒரு தகர டப்பாவில் போட்டானாம். "அவன் மூஞ்சி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு அண்ணே. அவனுக்கு என் மூஞ்சி ஞாபகம் இருக்காது. அதுதான் எரியுது." சம்பளத்தில் ஒரு கல் தோடு வாங்கியிருக்கலாம். கடைசிவரை வாங்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆயுதபூஜை. தொழிற்பேட்டையில் தீபாவளியைவிட அதுதான் பெரிய பண்டிகை. வாசலுக்கு வாசல் வாழைமரம், மெஷினுக்கு மெஷின் சந்தனம், லாரிக்கு லாரி எலுமிச்சம்பழம். திருஷ்டி கழித்துப் பூசணிக்காய் உடைப்பார்கள். ஏரியை ஒட்டி ஒரு வார்ப்படப் பட்டறை இருந்தது. அதன் முதலாளி அந்த வருஷம் புது உலை போட்டிருந்தார். யார் கண்ணும் படக்கூடாது என்று பூசணிக்காய்களை வண்டி வண்டியாக இறக்கி உடைத்தார். விருந்து, சோடா, கலர் எல்லாம் உண்டு. மறுநாள் உடைந்த பூசணிக்காய், எலுமிச்சை, வாழைத்தண்டு, எச்சில் இலை, உடைந்த சோடா பாட்டில் எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் ஏற்றிக் கரையில் கொட்டினார்கள். பிள்ளைகள் வழக்கமாக இறங்குகிற இடம் அது. திருஷ்டி கழித்ததை நீர்நிலையில் போட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

ஞாயிறன்று யூசுப்தான் முதலில் இறங்கினான். பூசணிச் சதைக்குள் சோடா பாட்டில் சில்லு இருந்தது. அவன் கத்தக்கூட இல்லை. "அக்கா, என்னமோ ஆயிட்டுது" என்றான். அவர் புடவைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினார். நான் அவனைச் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு ஓடினேன். காயம் சீழ் பிடித்தது. வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அவனுக்கு அப்போது பத்து வயது.

அவர் அந்த வார்ப்படப் பட்டறைக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். முதலாளி காசு கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து மேஜை இழுப்பறையைத் திறந்தார்.

"காசு வேணாங்க. நீங்க கரையில மறந்துட்டுப் போனதை வந்து எடுத்துக்கணும். உங்க கையால. பிள்ளைங்க பாக்கணும்."

முதலாளி என்னைப் பார்த்தார். "இன்னா சார், படிச்சவரு நீங்களும் கூட வந்துக்கினு... அந்தக் கரையில வெளிக்குப் போறதே இவங்க கூட்டிக்கினு வர்ற நாத்தம் புடிச்ச பசங்கதான். அசிங்கம் பண்றது அவனுங்க, நான் வந்து அள்ளணுமா?"

அவர் அந்த முகத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டார். நான்தான் ஏதோ பேசினேன், எடுபடவில்லை. அடுத்த ஞாயிறு கரையில் தடியோடு ஒரு வாட்ச்மேன் நின்றான். ஏரியை அசுத்தம் செய்கிற பிள்ளைகளை விடக் கூடாது என்று முதலாளி சம்பளம் கொடுத்து நிறுத்தியிருந்தார். குழி தோண்டி மூடிய பிள்ளைகள், கூட்டைத் தொடாத பிள்ளைகள், சாலையில் நின்று ஏரியைப் பார்த்தார்கள். வாட்ச்மேனுக்குப் பின்னால் பூசணிக்காய் அழுகிக்கொண்டிருந்தது. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் ரத்தம் கொதிக்கிறது. எனக்கு வயதாகிவிட்டது, ரத்தம் கொதிப்பது நல்லதல்ல என்கிறார்கள். கொதிக்கட்டும்.

"அண்ணே, அந்தாளு கையால அள்ள வைக்கிறேன். அதுவரைக்கும் நான் இந்தத் தண்ணியில கால் வைக்க மாட்டேன்" என்றார் அவர்.

மறுநாள் விடியற்காலையில் வாட்ச்மேன் வருமுன் கரைக்குப் போய்க் குவியலிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தார். கழுவினார். ஒரு பூவரச இலையில் வைத்துப் பட்டறை வாசலின் நட்டநடுவில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். அதற்கடுத்த நாள் ஒரு பூசணித் துண்டு. அதுவும் கழுவித் துடைத்து, இலையில். ஒருநாளைக்கு ஒன்றுதான். விஷயம் தெரிந்ததும் பிள்ளைகள் பயந்துபோனார்கள்.

"அக்கா, அத்தத் தொடாதக்கா. திருஷ்டி கழிச்சது. மேல ஏறிக்கும்" என்றான் சேகர்.

"உம்மேல ஏறுறதுக்கு எடம் எங்கடா இருக்கு? சொறிதான் மொத்தமாக் குடி வந்துட்டுதே."

அவருக்குத் திருஷ்டியில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவர்களுக்கு இருக்கிறது என்பதில் முழு நம்பிக்கை இருந்தது.

கழித்த திருஷ்டி வீட்டுக்குத் திரும்பி வந்து நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. பட்டறை ஆட்களும் கேள்விப்பட்டதில்லை. குப்பையைத் திருப்பி வைக்கிறாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. செய்வினை என்றார்கள், அவரைத் தடுக்கவோ இலையைத் தொடவோ ஒருவரும் துணியவில்லை. வாசலைத் தாண்டப் பயந்து பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்தார்கள். அந்த வாரமே உருகிய இரும்பு தெறித்து ஒருவன் கை வெந்தது. வார்ப்படப் பட்டறையில் அது நடக்கக்கூடியதுதான். ஆனால் யார் கேட்டார்கள்? முதலாளி ஒரு மந்திரவாதியைக் கூட்டிவந்தார். அவன் வாசலில் இன்னொரு பூசணிக்காயை உடைத்து, முறைப்படி ஏரியில் போடச் சொன்னான். அதுவும் மறுநாள் கழுவித் துடைத்து இலையில் வந்து சேர்ந்தது.

இது செய்வினை இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தெருவில் பெண்கள் அவரைக் கண்டு ஒதுங்கினார்கள். சேகரின் அம்மா அவனை வீட்டில் பூட்டி வைத்தாள். இன்னும் சிலரும் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். எதற்கும் அவர் அசையவில்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

கடைசியில் உலை மேஸ்திரி முதலாளியிடம் போய் நின்றார். ஆட்கள் எல்லோரும் அவர் பின்னால் நின்றார்கள். அங்கே நடந்ததை மேஸ்திரியே பிறகு டீக்கடையில் என்னிடம் சொன்னார்.

"ஒடச்சவரு நீங்க மொதலாளி. ஒடச்சது திரும்பி வருதுன்னா ஏரி அத்த ஏத்துக்கலன்னு அர்த்தம். உங்க கையாலயே அள்ளணும், வேற ஆளு தொடக் கூடாது. கால் போன அந்தப் புள்ள வாயால போதும்னு சொல்லணும். அதுவரிக்கும் நாங்க உலை மூட்ட மாட்டோம்."

ஞாயிறு காலை முதலாளி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். வாட்ச்மேன் தடியைப் போட்டுவிட்டுக் கூடையோடு பின்னால் வந்தான்.

"கூடை உங்க கையிலயே இருக்கட்டுங்க" என்றார் அவர்.

யூசுப்பை அவன் அத்தா சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "நமக்கு இந்தத் திருஷ்டி சமாச்சாரமெல்லாம் கெடையாது. ஆனா இத்தப் பாக்கணும்னுதான் வந்தேன்" என்று என்னிடம் சொன்னார். சேகர் எப்படியோ ஜன்னல் வழியாகத் தப்பித்து வந்திருந்தான். மொத்தம் ஒன்பது பிள்ளைகள். முதலாளி குனிந்து அழுகலை அள்ளினார். அந்த நாற்றத்தை நான் ஆசையோடு முகர்ந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"கண்ணாடியைப் பொதைக்கக் கூடாது. எடுத்துட்டுப் போகணும்" என்றாள் கங்கம்மா. அவள்தான் வாத்தியார்.

"கல்லுக்குப் பின்னால ஒண்ணு மறந்துட்டீங்க" என்றார் அவர்.

களைக்கொத்தை வாங்கி முதலாளி குழி தோண்டினார். "இன்னும் ஆழமாத் தோண்டு மொதலாளி, நாயி கெளறிடும்" என்றான் சேகர். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, ஒவ்வொரு பிடியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் முதலாளி சைக்கிள் அருகே வந்தார். "போதுமா தம்பி?" என்றார். யூசுப் தன் காலைப் பார்த்தான். இல்லை என்று தலையாட்டினான். அடுத்த ஞாயிறும் முதலாளி வந்தார். அன்றைக்கும் யூசுப் தலையாட்டினான். மூன்றாவது ஞாயிறு அந்தக் கரையில் எடுக்க ஒன்றுமே இல்லை. கங்கம்மா தேடிப்பிடித்து ஒரு மூடியைக் காட்டினாள். முதலாளி அதையும் எடுத்தார். கை நகத்துக்குள் மண் புகுந்திருந்தது. யூசுப் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போதுங்க" என்றான். "வூட்டுக்குப் போங்க."

மேஸ்திரி ஆகாயத்தைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கும் ஒரு பாரம் இறங்கியது. எல்லாம் முடிந்தது, இனி அவர் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு சிரிப்பார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் ஏமாற்றம். தன் கையிலிருந்ததை யாரோ கேட்காமல் பிடுங்கிக்கொண்டதைப் போல அந்தப் பையனைப் பார்த்தார். பிறகு அவன் தலையில் கை வைத்தார்.

"சரிடா. அது உன் காலு. நீ சொல்லலாம்."

முதலாளி களைக்கொத்தைத் திருப்பி நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"அவன் காலுக்கு அவன் சொல்லிட்டான். என் பிள்ளைங்களை நாத்தம் புடிச்சதுங்கன்னு சொன்னீங்க. அதுக்கு நான்தான் சொல்லணும். நான் இன்னும் சொல்லலைங்க."

கரையின் மறுகோடியைக் காட்டினார். பட்டறையிலிருந்து வருஷக்கணக்காகக் கொட்டிய, வார்ப்பு அச்சில் வெந்து கறுத்த மணல் அங்கே ஆள் உயரத்துக்குக் குவிந்து தண்ணீருக்குள் சரிந்துகொண்டிருந்தது. கூடையில் அள்ளித் தீர்க்கிற குவியல் அல்ல அது. முதலாளி மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தலையைக் குனிந்துகொண்டார். முதலாளி கூடையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார்.

"பொங்கலுக்கு மேலயும் இந்தக் குவியல் வரும் அண்ணே" என்றார் அவர், எனக்கு மட்டும் கேட்கும்படி. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

பையன் மன்னித்துவிட்டானே, போதாதா என்று நான் கேட்டிருக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நான் கேட்கவில்லை. குவியல் நன்றாகத் தெரிகிற மாதிரி நிழலில் ஓர் இடம் பார்த்து, துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டேன்.